மயில்கழுத்து நிறத்தில் ஒரு ரூபாய்

நைனா பழைய காசுகளை எடுத்துப் பார்க்கும்போது வீட்டில் யாரும் தும்மக் கூடாது. இருமக் கூடாது. பக்கத்தில் நின்று பேசவும் கூடாது, எச்சில் தெறித்துவிடும். பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, ஒரு முழத் தூரத்தில் நிற்க வேண்டும். எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே இந்தப் பயிற்சி உண்டு. பள்ளிக்கூடத்தில் பிரேயரின்போது நான் கையைக் கட்டி நிற்கிற அழகைப் பார்த்து டீச்சர் மற்றப் பிள்ளைகளுக்கு என்னை உதாரணம் காட்டுவார். அது அடக்கம் இல்லை, காசு பார்த்துப் பழகிய பழக்கம் என்று அவருக்குத் தெரியாது.

நைனா என்றால் என் அப்பா. திருத்தணியில் பாதி வீடுகளில் அப்பாவுக்கு அதுதான் பெயர். மலைப்படி தொடங்குகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, சாமி படங்களுக்குக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடிக்கிற கடை வைத்திருந்தார். நாளெல்லாம் கண்ணாடி அறுப்பவர் என்பதால் எதையும் ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்குவார். தோசையைக்கூட அப்படித்தான் எடுத்து வாயில் போடுவார் என்று அம்மா கிண்டல் செய்வாள்.

அவர் சேர்த்தது பழைய வெள்ளி ரூபாய்கள். அவருக்கு அந்தப் பைத்தியம் பிடித்ததே அம்மாவால்தான். கல்யாணமாகி வந்தபோது அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள், ஒரு கைத்தறித் துணிக் கிழிசலில் சுற்றி, வெள்ளைக்கார ராணி தலை போட்ட ஒற்றை ரூபாய் ஒன்று இருந்தது. பள்ளிப்பட்டில் அம்மாவின் வீட்டில் துணி வியாபாரம். அங்கே பாகம் பிரித்தபோது பெண்ணுக்கென்று கிடைத்தது அந்த ஒரு காசு. எத்தனையோ வருஷமாக அதே துணிக்குள் யாரும் தொடாமல் கிடந்திருக்கிறது. நைனா ஒருநாள் அதைப் பிரித்தவர், அன்றைக்குக் கடை திறக்கவில்லையாம்.

வெள்ளி சும்மா கிடந்தால் கறுக்கும், எல்லோருக்கும் தெரியும். ஆனால் சில காசுகள் ஒரே இடத்தில், ஒரே துணியில் பொறுமையாகக் கிடந்தால், கறுப்பதற்கு முன்னால் நிறம் பூக்கும். அம்மாவின் ரூபாயில் அப்படிப் பூத்திருந்தது. விளிம்பைச் சுற்றி மயில்கழுத்து நீலம், அதற்கு உள்ளே ரோஜா நிறம், அதற்கும் உள்ளே வெளிறிய பொன் நிறம். நடுவில் ராணியின் கன்னம் மட்டும் வெறும் வெள்ளி. ஜன்னல் வெளிச்சத்தில் நைனா அதை மெல்லச் சாய்ப்பார். நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று நகரும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அந்த நிறத்தைத்தான் மாமா அழுக்கு என்றார். அம்மாவின் தம்பி, பள்ளிப்பட்டில் லுங்கியும் துண்டும் மொத்தமாக விற்கிறவர், அவரும் காசு சேர்ப்பார். அவர் காசெல்லாம் பச்சரிசி மாதிரி வெளுப்பாக இருக்கும். வாங்கிய அன்றே விபூதி வைத்துத் தேய்த்துவிடுவார். அவற்றை உள்ளங்கையில் குலுக்கிக்கொண்டே நைனாவைப் பார்த்து, "நீ அழுக்க அடைகாத்துகினு இரு பாவா. ராணி என்னிக்காச்சும் குஞ்சு பொரிப்பா" என்பார். ஒரு பச்சைக் குழந்தையின் தோலை உரித்துக்கொண்டிருப்பவரைப் பார்ப்பதுபோல நைனா மாமாவின் கையைப் பார்ப்பார்.

இந்த இரண்டு பேருக்கும் மேலே ஒருவர் இருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்த அரக்கோணத்துக்காரர். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் காசு சேர்ப்பவர்கள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். நைனா அந்த ஞாயிறுக்காகவே மீதி நாட்களைத் தள்ளினார் என்று சொன்னால் மிகையில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு காலை ரயிலுக்குப் போனாரானால் பொழுது சாய்ந்துதான் வருவார். அரக்கோணத்துக்காரருக்கு வெளுத்த காசும் பிடிக்காது, வண்ணக் காசும் பிடிக்காது. மழைமேகம் போல ஒரே சீரான சாம்பல் நிறம்தான் அவருக்கு வெள்ளியின் உண்மையான நிறம். வண்ணமெல்லாம் எவனோ புகை போட்டு வரவழைத்த ஏமாற்று என்பது அவர் கட்சி. தீக்குச்சி கொளுத்தி அந்த மருந்துப் புகையில் காட்டினால் எந்தக் காசும் நிறம் மாறும் என்பார். அப்படிச் செய்து கொண்டுவந்த ஒருவரை அந்தக் கூட்டத்திலிருந்தே எழுப்பி அனுப்பிவிட்டார். நைனா அந்தக் கதையைச் சாப்பிடும்போது எங்களிடம் சொன்னார். ஊரில் கடன் வாங்கி ஓடிப்போனவனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார்கள், புகை போட்டவனை மட்டும் சேர்க்கமாட்டார்கள் என்றார். நான் ரசம் சோற்றைப் பிசைந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தன் வீட்டில் ஒரு காசு இருக்கிறது, யாரும் கைவைக்காமல் தானே பூத்த நிறம் என்று நைனா அங்கே இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கொண்டுவந்து காட்டு என்றார்கள். ரயில் கூட்டத்தில், வேர்வையில், அந்தக் காசை எடுத்துப்போக நைனாவுக்கு மனம் வரவில்லை. கொண்டுவராததாலேயே அது பொய் என்று ஒரு பேச்சும் கிளம்பியிருந்தது. கடைசியில் அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு அரக்கோணத்துக்காரர் இன்னும் இருவரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வருவதாக ஏற்பாடு ஆனது. சாமி பார்த்துவிட்டு, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, காசைப் பார்ப்பார்கள். மாமாவும் வருவதாகச் சொல்லியிருந்தார். நைனாவின் வார்த்தை மெய்யா பொய்யா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

அப்போது எனக்குப் பத்து வயது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி.

கிருத்திகைக்கு முதல் நாள் பரணி. அன்றே ஊர் நிரம்பிவிடும். பூக்காவடிகள் எங்கள் தெருவை அடைத்துக்கொண்டு போகும். நைனா விடியும்போதே கடைக்குப் போய்விட்டார். அம்மா பூஜைச் சாமான்களை என் முன்னால் பரப்பிவைத்தாள். வெள்ளி வேல் ஒன்று, குங்குமச் சிமிழ் ஒன்று, காமாட்சி விளக்கு ஒன்று. வெள்ளியை எங்கள் வீட்டில் மலையிலிருந்து வந்த விபூதியால்தான் தேய்ப்போம். வேறெதுவும் ஆகாது. சாமிக்கும் ஆகும், வெள்ளிக்கும் ஆகும் என்பாள் அம்மா. நாளைக்கு நாலு பேர் வந்து பார்க்கப்போகிறார்கள், கண்ணாடி மாதிரி இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, நைனாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள். கூட்டம் அதிகமாக இருந்தால் கூட இருந்து வியாபாரம் பார்த்துவிட்டு மாலைதான் வருவாள்.

வேலைத் தேய்த்தேன். சிமிழைத் தேய்த்தேன். விளக்கைத் தேய்த்தேன். எல்லாம் பளிச்சென்று வந்தன. கையில் இன்னும் விபூதி மீதி இருந்தது. நாளைக்கு வருகிறவர்கள் இவற்றையா பார்க்கப்போகிறார்கள் என்று அப்போது தோன்றியது. அவர்கள் பார்க்க வருவது காசை. அந்தக் காசு பெட்டிக்குள் தேய்க்காமல் கிடக்கிறது. மாமா எல்லோர் முன்னாலும் அழுக்கு என்பார், சிரிப்பார். எல்லோரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்கள். அதை நினைத்தபோது எனக்கே அழுகை வந்தது. நைனாவைத் தோற்கவிடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அந்தக் காசை ஆசையாக மூச்சுப் பிடித்துப் பார்த்தவள்தானே, அந்த நிறம்தான் அதன் அழகு என்று தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். ஆனால் நீலம் போகாது, அழுக்கு மட்டும்தான் போகும் என்று நினைத்தேன். பட்டுப்புடவையைத் துவைத்தால் அழுக்குப் போய்ச் சாயம் நிற்கவில்லையா.

டிரங்குப் பெட்டியின் சாவி முருகன் படத்துக்குப் பின்னால் தொங்கும். எடுத்தேன். துணியைப் பிரித்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் காசை என் கையால் தொட்டேன். ஐந்து விரலாலும் தொட்டேன். கொஞ்சம் விபூதியை வைத்து, ஈரத்துணியால் வட்டமாகத் தேய்த்தேன். துணியில் கறுப்பாக ஒட்டியது. அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு அழுக்கா என்று இன்னும் அழுத்தித் தேய்த்தேன். தண்ணீரில் அலசிவிட்டு ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன்.

எதுவும் நகரவில்லை. நீலம் இல்லை, ரோஜா இல்லை, பொன் இல்லை. மாமாவின் கையில் குலுங்குகிற காசுகளில் ஒன்றை யாரோ என் கையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

பயம் எப்படி வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அது காதில் வந்தது. தெருவில் "அரோகரா" என்று கத்திக்கொண்டு போன கூட்டத்தின் சத்தம் சட்டென்று அமுங்கி, எங்கேயோ தூரத்தில் கேட்பதுபோல் ஆயிற்று. துணியை முகர்ந்து பார்த்தேன், நிறம் அதற்குள் எங்காவது இருக்கிறதா என்று. அந்தக் கறுப்பு ஈரத்தைத் திரும்பக் காசின் மேல் அப்பிப் பார்த்தேன். அது வழிந்து போயிற்று.

நைனா என்னை ஒருநாளும் அடித்ததில்லை. அதுதான் கஷ்டம். அடிப்பவராக இருந்தால் எத்தனை அடி என்று ஒரு கணக்கு இருக்கும். ஒருமுறை வேறு ஒரு சாதாரணக் காசில் நான் விரலை வைத்துவிட்டேன். அவர் எழுந்துபோய், சாயங்காலம்வரை குளத்துப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அம்மா என்னைச் சோற்றுப் பாத்திரத்தோடு அனுப்பியபோதும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு விரல் ரேகைக்கு அது. இதற்கு அவர் திரும்பியே வரமாட்டார் என்று நினைத்தேன். ரயிலேறி எங்காவது போய்விடுவார், அம்மா அழுவாள், நாங்கள் பள்ளிப்பட்டில் மாமா வீட்டு மூலையில் இருப்போம் என்பதுவரை எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் ரசம் சோற்றோடு கேட்ட கதை நினைவுக்கு வந்தது. தீக்குச்சிப் புகையில் நிறம் வரும்.

அடுப்படி அலமாரியில் புதுத் தீப்பெட்டி இருந்தது. கொல்லைப்பக்கம் போய், கொசுவலைக் கம்பித் துண்டின் மேல் காசை வைத்து, அடியில் குச்சிகளைக் கொளுத்தினேன். முதல் மூன்று குச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்துக் குச்சி ஆனதும் ஓரத்தில் லேசாக மஞ்சள் ஏறியது. எனக்கு உயிர் திரும்பியது. முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டே கொளுத்தினேன். நிறம் மட்டும் திரும்பி வந்துவிட்டால், மலைப்படி முன்னூற்று அறுபத்தைந்தையும் முட்டிபோட்டே ஏறுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். மஞ்சள் பழுப்பானது. பழுப்புக்கு நடுவே ஒரு நீலம் வந்தது. ஆனால் விளிம்பில் வரவேண்டிய நீலம் ராணியின் கன்னத்தில் வந்தது. அதை ஓரத்துக்குத் தள்ள நினைத்து இன்னொரு குச்சியைச் சாய்த்துப் பிடித்ததில் வலது கட்டைவிரல் சுட்டது. காசைத் திருப்பிப் பார்த்தேன். அடிபட்டு வீங்கிய முகம்போல் ராணி என்னைப் பார்த்தாள்.

பெட்டி பாதிக்கு மேல் காலியாகியிருந்தது. எரிந்த குச்சிகளைச் சாக்கடையில் போட்டேன். காசைப் பழைய துணியிலேயே, பழைய மடிப்பிலேயே சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். துணி மடிந்திருந்ததைப் பார்த்தால் உள்ளே எதுவும் நடக்காததுபோலத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அதை நானே நம்பினேன்.

மாலை அம்மா வந்ததும் விரலைப் பார்த்துவிட்டாள். காமாட்சி விளக்கை ஏற்றிப் பார்த்தேன், சுட்டுவிட்டது என்றேன். நீ எதுக்குடி அதை ஏற்றினாய் என்று திட்டிக்கொண்டே கொப்புளத்தில் தேங்காயெண்ணெய் தடவினாள். பிறகு அடுப்பு மூட்டப் போனவள் தீப்பெட்டியைக் குலுக்கிப் பார்த்து, நேற்று வாங்கிய பெட்டியில் பாதிகூட இல்லையே, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அங்கலாய்த்தாள். நைனா அப்போதுதான் வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். அவர் காதிலும் அது விழுந்திருக்கும்.

அன்றைக்கே அவர் காசை எடுத்துப் பார்த்திருந்தால் எல்லாம் எங்களுக்குள் முடிந்திருக்கும். பெட்டிப் பக்கம் போனார். சாவியில் கைவைத்தவர், வேண்டாம், நாளைக்கு எல்லோரோடும் சேர்ந்தே பார்க்கலாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சிரித்தார். கல்யாண மாப்பிள்ளைபோல் இருந்தது அந்தச் சிரிப்பு.

கிருத்திகை அன்று அதிகாலையில் நைனாவும் நானும் படியேறினோம். கூட்டம் இடித்துத் தள்ளியது. அவர் என் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். நல்லவேளை, இடது கை. ஐம்பதாவது படியில் சொல்லிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். ஐம்பது வந்தபோது ஒரு காவடி குறுக்கே வந்தது. நூறில் சொல்லலாம் என்று தள்ளிவைத்தேன். நூறில் நைனா மூச்சு வாங்க நின்றார், பாவமாக இருந்தது. நைனா என்று கூப்பிட்டுவிட்டேன். என்னம்மா என்று குனிந்தார். தாகமாக இருக்கிறது என்றேன். அவர் நீர்மோர் வாங்கித் தந்துவிட்டு, நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே, "இன்னிக்கு நாம அரக்கோணத்தாரு வாய அடைக்கப்போறோம், பாத்துக்கோ" என்றார். நாம என்று என்னையும் சேர்த்துச் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. சன்னதியில் எல்லோரும் என்னென்னவோ வேண்டிக்கொண்டார்கள். நான் அரக்கோணத்திலிருந்து வருகிற ரயில் நின்றுபோகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ரயில் நிற்கவில்லை. வருஷத்திலேயே வியாபாரம் அதிகமாக நடக்கிற அந்த நாளில், நடுப்பகலில் நைனா கடையைப் பூட்டிக்கொண்டு வந்தார். மாமா ஏற்கெனவே வந்து, பட்டு வேட்டியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அரக்கோணத்துக்காரர் உள்ளே வந்தார். கோபக்காரராக, பெரிய மீசையோடு இருப்பார் என்று நினைத்திருந்தேன். ஒல்லியாக, சாதுவாக இருந்தார். கழுத்தில் கறுப்பு நூலில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கியது. கூட வந்த இருவரும் அவர் உட்கார்ந்த பிறகே உட்கார்ந்தார்கள். வடை, பாயசத்தோடு சாப்பாடு நடந்தது. அம்மா என்னைப் பரிமாறச் சொன்னாள். அப்பளத்தை இலையில் வைப்பதற்குள் நொறுக்கிவிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் நைனா ஜன்னலுக்கு அருகே மணை போட்டு, அதன் மேல் வெள்ளைத் துண்டு விரித்து, துணிச்சுருளைக் கொண்டுவந்து வைத்தார். எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். நான் வழக்கமான இடத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

நைனா துணியை விரல்நுனியால் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். கடைசி மடிப்பையும் பிரித்தார். பிறகு அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

தெருவில் காவடி மேளம் அடித்துக்கொண்டு போனது. முதலில் மாமாதான், "இன்னா பாவா இது?" என்றார். அவர் குரலில் கிண்டல் இல்லை, அவரே பயந்துபோயிருந்தார். அரக்கோணத்துக்காரர் காசை ஓரத்தில் பிடித்துத் தூக்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மூக்குக்கு அருகே கொண்டுபோனார். பிறகு அதே மெதுவோடு துணியின் மேல் திரும்ப வைத்தார்.

"தீக்குச்சி. நேத்து, இல்லாங்காட்டி முந்தாநாளு. யார் பண்ணதுங்க இது?" என்று கேட்டார்.

அம்மா கதவோரம் நின்றிருந்தாள். அவள் வாய் எதையோ சொல்லத் திறந்ததைப் பார்த்தேன். தீப்பெட்டி அவளுக்கு நினைவு வந்திருக்கும். நைனா அவளை ஒருமுறை பார்த்தார், அவள் வாயை மூடிக்கொண்டாள். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் நான் கட்டியிருந்த கைகள் இருக்கும் இடத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம்தான் பார்த்தார். எனக்கு அது முடியவே முடியாது போலிருந்தது.

"நான்தாங்க. நிறம் கொஞ்சம் மங்கலாத் தெரிஞ்சிது. நீங்கள்லாம் வரீங்களே, தூக்கலா இருக்கட்டும்னு பண்ணிட்டன்."

அரக்கோணத்துக்காரர் நைனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆங், சரி என்று எழுந்து, பூதக்கண்ணாடியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, அம்மாவைப் பார்த்து மட்டும், "சாப்பாடு நல்லா இருந்துதும்மா" என்றார். கூட வந்த இருவரில் ஒருவர் படியிறங்கும்போது சிரித்த சத்தம் கேட்டது.

அவர்கள் போனபிறகு மாமா அடுப்படிக்குப் போய் விபூதித் தட்டைக் கொண்டுவந்தார். ரெண்டு நிமிஷத்தில் வெளுப்பாக்கித் தருகிறேன் பாவா என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நைனா தலையை ஆட்டினார். "வாணாண்டா. இனிமே அத்த யாரும் ஒண்ணும் செய்யாதீங்க" என்றார். துணியைப் பழையபடி மடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கடை திறக்கப் போனார்.

அவர் குளத்துப் படிக்குப் போகவில்லை, ரயிலேறவில்லை, கடைக்குத்தான் போகிறார் என்பதைத் தெருமுனைவரை பின்னால் போய்ப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். திரும்பி வந்து மூன்று வடை தின்றேன். அவ்வளவு ருசியான வடையை அதற்கு முன்னும் தின்றதில்லை, பின்னும் தின்றதில்லை. நைனா ஏன் அப்படிச் சொன்னார் என்று யோசித்தேன். ஒருவேளை எப்போதோ அவரும் ஒருமுறை புகை போட்டிருப்பார், அதனால் தன் வேலை என்றே நினைத்துக்கொண்டார் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். முருகன் அவர் கண்ணை மறைத்து என்னைக் காப்பாற்றிவிட்டார். முட்டிபோட்டுப் படியேறுகிற வேண்டுதலை நிறம் திரும்பி வராததால் நிறைவேற்ற வேண்டியதில்லை என்றும் தீர்மானித்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, நான் சென்னையில் கல்லூரி படித்துக்கொண்டிருந்தபோது, ஒருநாள் மாமாவும் நானும் அரக்கோணத்தில் ரயில் மாறக் காத்திருந்தோம். பேச்சுவாக்கில் மாமா சொன்னார். இந்த ஊரில் உங்கள் நைனாவுக்கு என்ன பெயர் தெரியுமா, தீப்பெட்டி. இப்போதும் காசு சேர்க்கிறவர்கள் யாராவது புகை போட்ட காசைக் கொண்டுவந்தால், திருத்தணித் தீப்பெட்டியிடம் வாங்கினாயா என்றுதான் கேட்பார்களாம். அன்றைக்கு அவர்கள் ஊர் திரும்புவதற்குள் ரயிலிலேயே வைத்த பெயராம். மாமா அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் இன்றுவரை நைனாதான் செய்தார் என்று நம்புகிறார். நான் அடுத்த ரயில் வரும்வரை என் விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நைனா அதுவரை அந்தக் காசைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பத்து வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அந்தக் கிருத்திகைக்குப் பிறகு நைனா முதல் ஞாயிறுகளில் வீட்டிலேயே இருந்தார். சலவைச் சட்டை கொடியிலேயே தொங்கியது. அதற்குப் பதிலாக என்னைச் சரவணப் பொய்கைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு பொட்டலம் பொரி வாங்கித் தருவார். மீன்கள் வாயைத் திறந்துகொண்டு கும்பலாக வரும். நைனா மேல்படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஸ்டேஷன் பக்கம் ரயில் கூவினால் மட்டும் ஒருமுறை தலையைத் தூக்குவார். அவ்வளவு நாளும் அரக்கோணத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஞாயிறு இப்போது எனக்கே எனக்கு என்று வந்துவிட்டது. தோழிகளிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

அப்படி ஒரு ஞாயிறு, பொரி தீர்ந்த பிறகு, நைனா என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். கொப்புளம் ஆறி மாசக்கணக்காகியிருந்தது. உளுந்து அளவுக்கு ஒரு தழும்பு மட்டும் இருந்தது. அதைத் தடவிவிட்டு, "இன்னும் எரியுதா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். விளக்குச் சுட்டது என்று நான் அம்மாவிடம் சொன்னதை நைனா அப்படியே நம்பியிருக்கிறார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. எதிரே மலை தெரிந்தது. முருகனுக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன். அடுத்த முதல் ஞாயிறும் நைனா அரக்கோணத்துக்குப் போகாமல் என்னோடே இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.